முட்டியம்மா

வேலூரிலிருந்து எங்கள் பிள்ளைக் காப்பகங்களைச் சோதிக்க வருகிற அந்த அம்மா, எங்கள் வீட்டு வாசல் வரைக்கும்தான் நடந்து வருவார். வாசலில் செருப்பைக் கழற்றி, தோள்பையை என் கையில் கொடுத்து, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அப்படியே முட்டி போட்டுவிடுவார். அதற்கு மேல் வீட்டுக்குள் அவர் போவதெல்லாம் முட்டியிலும் உள்ளங்கையிலும்தான். கூடம், அடுப்படி, கட்டிலுக்கு அடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் என்று தவழ்ந்தபடியே ஒரு சுற்று வந்துதான் எழுந்திருப்பார்.

ஆள் நல்ல உயரம். எங்கள் தெரு வீடுகளில் நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிய வேண்டியிருந்த ஒரே பெண்பிள்ளை அவர்தான். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மடிப்பு கத்திபோல நிற்கும். அத்தனை உயரமும் அத்தனை கஞ்சியும் தரையில் மடங்கி நகர்வதை முதல் தடவை பார்த்தபோது, ஏதோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து நானும் குனிந்து கூடவே தேட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ இன்னாம்மா தேடறே?"

"நீங்க தேடறதைத்தாம்மா," என்றேன்.

பிள்ளைகள் கண் இருக்கிற உயரத்திலிருந்து பார்த்தால்தான் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று தெரியும் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என்னிடம் இருந்த பிள்ளைகளில் துடுக்கான ஒரு பயல் ஓடிவந்து அவர் முதுகில் ஏறி உட்கார்ந்து, 'டுர்ரா' என்று ஓட்டினான். அவர் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "எறங்கு, எனக்கு வேலை கீது," என்று ஒரு பெரிய மனுஷனிடம் சொல்வதுபோலச் சொன்னார். அவனும் இறங்கிவிட்டான்.

அவர் பெயர் எங்கள் யார் வாயிலும் வந்ததில்லை. காகிதத்தில் மேற்பார்வையாளர். நேரில் அம்மா. அவர் பஸ் ஏறிய பிறகு முட்டியம்மா.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் நடந்தது இது. தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப்பு என்போம். எங்கள் தெருவுக்குப் பின்னால் நாலைந்து ஷாப்புகள். அங்கே வேலைக்குப் போகிற பெண்கள், கைப்பிள்ளையை ஆறு வயது அக்காளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இல்லையென்றால் கூடவே தூக்கிக்கொண்டு போய், காயப்போட்ட தோலின் நிழலில் படுக்க வைப்பார்கள். சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை தவழ்ந்து போய், நல்ல வேளையாக யாரோ காலைப் பிடித்து இழுத்த பிறகு, ஊர் மாதர் சங்கத்துக்காரர்கள் எழுதிப்போட்டு சர்க்கார் உதவி வாங்கினார்கள். தனியாகக் கட்டடம் கிடையாது. ஷாப்புக்குப் பக்கத்திலேயே வீடு வைத்திருக்கும் பெண்களாகப் பார்த்து, வீட்டுக்கு அதிகம் போனால் பத்துப் பிள்ளை என்று ஒப்படைத்தார்கள். பால் பவுடர், கோதுமை ரவை, பாய், ஒரு தகரப் பெட்டி நிறைய மரப் பொம்மை எல்லாம் சர்க்காரிலிருந்து வரும். ஊர் முழுக்க அப்படிப் பதினோரு வீடுகள். என்னுடையது ஒன்று.

இதில் எனக்கு இருந்த ஒரே வருத்தம், நியமனக் காகிதத்தில் என் பதவியை 'ஆயா' என்று போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. என் கணவர் ஷாப்பில் தோலுக்குப் போடுகிற ஆவாரம்பட்டையை நிறுக்கும் வேலையில் இருந்தார். அவர் அந்தக் காகிதத்தைத் தன் தோஸ்துகளிடமெல்லாம் காட்டி, 'எங்க ஆயா வெந்நீர் போட்டு வெச்சிருக்கு, குளிக்கப் போறேன்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் முட்டியம்மாவிடம் முறையிட்டேன். காகிதத்தை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் வாயால் அப்படிக் கூப்பிட மாட்டேன் என்றார். கடைசி வரைக்கும் கூப்பிடவும் இல்லை.

முதல் சோதனைக்கு நான் செய்த ஏற்பாட்டை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. பொம்மைகளைத் துடைத்து உயரவாரியாக அடுக்கியிருந்தேன். பத்துப் பிள்ளைகளுக்கும் எண்ணெய் வைத்து வாரி, பவுடர் போட்டு, வாயில் விரல் வைத்துச் சப்பணமிட்டு உட்காரவைத்திருந்தேன். கைக்குழந்தைகூட என் முகத்தைப் பார்த்துப் பயந்து அசையாமல் கிடந்தது. என் கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் பளபளவென்று இருந்தது.

அவர் கண் போனது வேறு இடத்துக்கு. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குண்டூசி, பாதி பிளேடு, யாரோ எப்போதோ துப்பிய ஒரு மாத்திரை, மூன்று புளியங்கொட்டை, ஒரு ஷூ ஆணி. எல்லாவற்றையும் கொண்டுவந்து கூடத்து நடுவில் வரிசையாக வைத்தார், கல்யாணத்தில் சீர் வைக்கிற மாதிரி. பையிலிருந்து பள்ளிக்கூடத்து மர ஸ்கேலை எடுத்து, மண்ணெண்ணெய் பாட்டில் இருந்த சுவர் மாடத்தின் உயரத்தை அளந்தார். பார்வைப் புத்தகத்தை வாங்கி எழுதினார். பேச்செல்லாம் வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப்பக்கத்துப் பேச்சுதான் அவருக்கு. எழுதினால் மட்டும் கல்வெட்டு. 'வீடு தூய்மையாக உள்ளது. குழந்தைகள் பிறர் வீட்டுக்கு வந்த விருந்தினர் போல அமர்ந்துள்ளனர். பொம்மைகள் புத்தம் புதியன. ஆகவே ஒருவரும் அவற்றைக் கொண்டு விளையாடவில்லை எனத் தெரிகிறது.'

அதே நாளில் அடுத்த தெரு ஜுலேகா அக்காவின் காப்பகத்துக்கும் போனார். ஜுலேகா அக்கா வீட்டில் எது எங்கே இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. பொம்மைக்குக் கை இருக்காது, குதிரைக்குத் தலை இருக்காது, பிள்ளைகள் முகத்தில் கஞ்சி காய்ந்திருக்கும். அவளுக்கு 'மிக நன்று' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அவள் அதைத் தெருவெல்லாம் காட்டினாள். உருது மட்டும் படிக்கத் தெரிந்தவள், என்னிடமே கொண்டுவந்து, 'இதுல இன்னா எழுதியிருக்குது, படி' என்று மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

சரி, இந்த அம்மாவுக்கு அழுக்குதான் பிடிக்கும் என்று நான் முடிவுகட்டினேன். அடுத்த தடவை அவர் வரக்கூடும் என்று தெரிந்த வாரத்தில், நானும் என் கணவரும் உட்கார்ந்து வீட்டைக் கெடுத்தோம். கணவர் கரித்துண்டை எடுத்துச் சுவரெல்லாம் யானை, பூனை, கோணல் மாணலாகக் கோடு என்று கிறுக்கினார். ரொம்ப ரசித்துத்தான் செய்தார். மரக்கிளியின் வாலைப் பல்லால் கடித்துத் துப்பினார். நான் சோற்றுப் பருக்கைகளை ஆங்காங்கே ஒட்டினேன்.

முட்டியம்மா வந்தார். முட்டி போட்டார். சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே போனவர், யானைக்கு நேராக வந்ததும் நின்று அண்ணாந்து பார்த்தார். ஸ்கேலை எடுத்தார். தரையிலிருந்து அளக்க அளக்க ஸ்கேல் பத்தவில்லை. எழுந்து நின்று அளக்க வேண்டியதாயிற்று.

"இந்த ஒசரத்துல கிறுக்கின பிள்ளைக்கு இந்நேரம் மீசை மொளைச்சிருக்கும்," என்றார்.

பிறகு கிளியைக் கையில் எடுத்து, கடித்த தடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கணவர் அன்றைக்கென்று பார்த்து டீ குடிக்க வீட்டுக்கு வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். முட்டியம்மா அவரைப் பார்த்து, நல்லா இருக்கீங்களா என்று விசாரித்தார். இவர் மரியாதையாகப் பல் தெரியச் சிரித்தார். முட்டியம்மா அந்தப் பல்லைப் பார்த்தார், கிளியைப் பார்த்தார், கிளியைக் கீழே வைத்துவிட்டார். அன்றைய குறிப்பு: 'பெரியவர்கள் மகிழ்வுடன் விளையாடுகின்றனர்.'

அதற்குப் பிறகு நான் ஏமாற்றுவதை விட்டுவிட்டேன். மற்ற வீடுகளில் கொஞ்ச காலம் முயன்று பார்த்தார்கள். அவர் பஸ் நிலையத்தில் இறங்கினால் அங்கே வெள்ளரிக்காய் விற்கிற பெண் பார்த்துவிட்டு ஆள் அனுப்பும்படி ஏற்பாடு செய்தார்கள். அவர் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி ரயில் பாதையோரமாக நடந்து வந்தார். ஒரு வீட்டில் பத்துக்கு மேல் இருந்த பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்குக் கடத்தினார்கள். அவர் தவழ்ந்துபோய் எண்ணியது பிள்ளைகளை அல்ல, மூலையில் கிடந்த ஈரத் துணிகளை. கணக்கு உதைத்தது. பதினொன்று என்று எழுதிவிட்டார்.

அவரிடம் பொய்யும் செல்லாது, அவர் வாயிலிருந்து பொய்யும் வராது. ஊர் மரியாதைக்குச் சொல்கிற சின்னப் பொய்கூட வராது. சங்கத்துத் தலைவியம்மாவின் பேரப்பிள்ளையைத் தொட்டிலில் காட்டி, எப்படி இருக்கிறான் என்று கேட்டார்கள். சுற்றி நின்றவர்கள் ராஜா மாதிரி என்றார்கள். இவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "வெயிட்டு கம்மி," என்றார். தலைவியம்மா இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இத்தனைக்கும் பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளையைப் பற்றி அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை, ஆனால் ஒரு பிள்ளையைத் தூக்கத் தெரியாது. இரண்டு கையாலும் தள்ளிப் பிடிப்பார், நனைந்த ஃபைலைப் பிடிப்பதுபோல. கொஞ்சத் தெரியாது. பாட்டு ஒன்றும் வராது. கல்யாணமாகாதவர் என்றார்கள், வேறு ஏதேதோவும் சொன்னார்கள். நான் கேட்டதில்லை.

இது எங்கள் எல்லாருக்கும் வெட்டவெளிச்சமானது ரயில்வே கேட் பக்கத்து வீட்டை அவர் மூடியபோது. அந்த வீட்டுப் பெண் கெட்டவள் இல்லை. தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். அந்த நேரத்துக்குத் தவழ்கிற பிள்ளையின் காலைக் கிழிந்த துண்டால் கட்டில் காலோடு கட்டிவிட்டுப் போவாள். நின்று பார்த்த எங்கள் யாருக்கும் தெரியவில்லை. கட்டிலுக்கு அடியில் போனவர், கட்டில் காலில் துணி உரசிப் பளபளப்பு ஏறிய இடத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளின் கணுக்காலை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அன்றைக்கே அந்த வீட்டை மூட எழுதிவிட்டார்.

சாயந்தரம் தாய்மார்கள் ஒன்பது பேரும் ஷாப்பிலிருந்து நேராக அவரைத் தேடி வந்தார்கள். கட்டினால் கட்டட்டும், நாளைக்குப் பிள்ளையை எங்கே விடுவது, நீ வந்து பார்த்துக்கொள்வாயா என்று சத்தம் போட்டார்கள். கையில் வெட்டுக்கத்தி வடுவோடு ஒருத்தி அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டிப் பேசினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வருகிறேன் என்றார். கோபத்தில் கேட்ட கேள்விக்கு அப்படி ஒரு பதில் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று.

வந்தார். வேறு வீடு கிடைக்கும்வரை ஒன்பது நாள், விடிகாலை முதல் பஸ்ஸில் வேலூரிலிருந்து வந்து, சங்கத்து அறையில் ஒன்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பது நாளும் அந்தத் தெருவில் அழுகைச் சத்தம் ஓயவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கஞ்சிபோட்ட சேலை கஞ்சியிலேயே நனைந்திருந்தது, தலை கலைந்திருந்தது, ஒரு பிள்ளையை இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் நிறுத்தி வைத்திருந்தார். ஜுலேகா அக்கா தன் பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு வந்து, தலையில் அடித்துக்கொண்டு, எல்லாரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் அவர் சங்கத்து அறையின் பார்வைப் புத்தகத்தை எடுத்து, அந்தக் காப்பகத்துக்கும் முறைப்படி குறிப்பு எழுதினார். நான் எட்டிப் படித்தேன். 'பராமரிப்பாளர் அனுபவமற்றவர். குழந்தைகள் அழுதவண்ணம் உள்ளனர். இவரை உடனே மாற்றுதல் நலம்.' கீழே தன் கையெழுத்து.

நாலு வருஷம் எங்களைச் சோதித்துவிட்டுச் சோளிங்கருக்கு மாற்றலாகிப் போனார். மாலை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனோம். அவர் முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தார். அந்த மாலையை ஜுலேகா அக்கா வீட்டு ஆடு தின்றது. பிறகு ஒரு கார்த்திகை ஞாயிறு நான் சோளிங்கர் மலைக்கு நேர்த்திக்கடனுக்குப் போயிருந்தபோது, பாதிப் படியில் ஒரு பெண்மணி முட்டிபோட்டு நகர்ந்துகொண்டிருந்தார். முட்டியாலேயே மலை ஏறுவதாக வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. நான் ஒதுங்கி வழி விட்டேன். பக்கத்தில் போனால் முட்டியம்மா. நரைத்திருந்தார். என்ன வேண்டுதல் அம்மா என்று மெல்லக் கேட்டேன்.

"வேண்டுதலா? இந்தக் கைப்பிடிக் கம்பி இடுக்குல ரெண்டு வயசுப் பிள்ளை தலை நுழையுது, பாரு," என்றார். என் கையைப் பிடித்து அந்த இடுக்கில் வைத்துக் காட்டினார். நலம் விசாரித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் சொல்ல வந்தது அவர் எங்கள் ஊரில் இருந்த காலத்து விஷயம். மூன்றாவது வருஷம் என்று நினைக்கிறேன். மதராஸிலிருந்து ஓர் உத்தரவு வரப்போவதாகப் பேச்சு வந்தது. பதினோரு வீட்டில் பிள்ளைகள் சிதறிக் கிடந்தால் மேற்பார்வை பார்ப்பது சிரமம். பெங்களூர் ரோட்டில், ஊரைத் தாண்டி, சர்க்காருக்கு ஒரு காலிக் கட்டடம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் அங்கே ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் ஒரே பதிவேடு, ஒரே சோதனை. ஒரு பெரிய அதிகாரி நேரில் வந்து ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார் என்றார்கள்.

எங்களுக்குப் பிழைப்பு போகும் என்கிற கவலை. அது சின்னக் கவலை. தாய்மார்களுக்குத்தான் உயிர்போகிற கவலை. மத்தியானச் சங்கு ஊதினால் அரை மணி நேரம் விடுவார்கள். அந்த அரை மணியில் ஓடிவந்து, கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடிப்போவார்கள். பெங்களூர் ரோட்டுக்கு யார் ஓடுவது?

எல்லாரும் முட்டியம்மாவைப் பிடித்துக்கொண்டோம். நீங்கதான் எடுத்துச் சொல்லணும் என்றோம். வீடு வீடாகத் தவழ்ந்து மூட்டு தேய்ந்துபோன அவருக்கும் ஒரே கட்டடம் என்றால் சௌகரியம்தானே என்று சிலருக்குச் சந்தேகமும் இருந்தது. அவரோ, கண்ணில் பட்டதை எழுதி அனுப்பியாயிற்று, படிப்பதும் படிக்காததும் அவர்கள் பாடு என்றார். அதிகாரி கேட்டால் சொல்வேன், கேட்காததைச் சொல்ல முடியாது என்றார். எங்களுக்குப் பேஜாராகிவிட்டது. இந்தம்மாவை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று ஜுலேகா அக்கா சொன்னாள்.

அதிகாரி வந்தது என் வீட்டுக்கு. ஜீப்பில், பதினோரு மணி சுமாருக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும், சாந்தமான முகம், சலவைச் சட்டை. ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிட்டு வாணியம்பாடிக்குப் போக வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். நான் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலியைப் போட்டேன். முட்டியம்மா வழக்கம்போல முட்டிபோட்டுப் போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார். பெண்பிள்ளை தரையில் இருக்கத் தான் மட்டும் நாற்காலியில் இருப்பது அந்த மனிதருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்; அவரும் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கட்டடம் பற்றி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர் பேசுகிற மாதிரிதான் பேசினார். காற்றோட்டமான கட்டடம், தண்ணீர்க் குழாய் இருக்கிறது, பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்றார். நான் முட்டியம்மாவைப் பார்த்தேன். அவர் கேள்வி வரட்டும் என்று காத்திருந்தார். கேள்வி வரவில்லை.

ஷமீம் என்று ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயது, இன்னும் பால்குடி மறக்காதது. கஞ்சி குடித்துவிட்டு அரைத் தூக்கத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. அது போய் அதிகாரியின் முட்டியைப் பிடித்தது. மடியைப் பார்த்தது. ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. அதற்கு ஆள் பேதம் கிடையாது. மடி இருந்தால் போதும்.

அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் விட்டுவைத்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். நான் போய்க் குனிந்தேன்.

"அசையாதீங்க சார்," என்றார் முட்டியம்மா. "சோதனை நேரத்துல தூங்கற பிள்ளையை எழுப்பக்கூடாது. விதி இருக்குது."

அதிகாரி ஆச்சரியமாகப் பார்த்தார். அப்படி ஒரு விதியா, எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"பராமரிப்பு விதிகள்ல சார். பதினோராவது."

நான் சட்டென்று சுவரைப் பார்த்தேன். ஏனென்றால் அந்தப் பராமரிப்பு விதிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, எல்லா வீட்டிலும் மாட்டச் சொல்லி அவரேதான் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அது அதிகாரியின் முதுகுக்கு நேர் பின்னால் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் இருந்தவை பத்து விதிகள். தினமும் பெருக்கும்போது படித்துப் படித்து எனக்கு மனப்பாடம். பத்தாவது, நகம் வெட்டுவது.

நான் மெல்ல நகர்ந்துபோய், கொடியில் கிடந்த ஈரத் துணி ஒன்றை எடுத்து, காயப்போடுகிற மாதிரி அந்த அட்டைமேல் போட்டேன். முட்டியம்மா என்னைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன.

விதி என்றால் அந்த மனிதர் கட்டுப்படுகிறவர். அசையாமல் உட்கார்ந்தார். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. ஜீப் டிரைவர் வந்து எட்டிப் பார்த்தான். அவர் வாயில் விரலை வைத்து அவனை விரட்டினார். எதுவும் பேச முடியாததால் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தி இன்னொருத்தியின் ரிப்பனைச் சப்பியதைப் பார்த்தார். பிள்ளைகள் பாயில் அங்கங்கே விழுந்து தூங்கியதைப் பார்த்தார்.

சங்கு ஊதியது.

கொஞ்ச நேரத்தில் தெருவில் ஓடிவருகிற கால் சத்தம் கேட்டது. ஏழெட்டுப் பெண்கள், முழங்கை வரைக்கும் ஈரம், விரலிடுக்கில் நீலச் சாயம், மேலெல்லாம் தோல் வாடை. வாசல் கல்லில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே உள்ளே வந்தவர்கள், பேண்ட் போட்ட ஆம்பிளையைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு சேலையை எடுத்துக் குறுக்கே கட்டினேன். அவர்கள் அதற்கு அந்தப்பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தூக்கத்திலேயே பிள்ளைகளை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார்.

ஷமீமின் அம்மா கடைசியாக வந்தாள். பிள்ளை யார் மடியில் கிடக்கிறது என்று பார்த்து, சேலைத் தலைப்பை இழுத்து முக்காடிட்டுத் தயங்கி நின்றாள். அவர் தணிந்த குரலில், எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று கேட்டார். அரை மணி என்றாள். எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஓடினால் ஆறு நிமிஷம், இன்றைக்குச் செருப்பு அறுந்துவிட்டது, அதனால் லேட்டு என்றாள். பெங்களூர் ரோட்டில் என்றால் எவ்வளவு நேரமாகும் என்றார்.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "போய்ச் சேரலாம் சார். திரும்பி வர முடியாது," என்றாள்.

பிறகு குனிந்து, அவர் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு சேலைக்கு அந்தப்பக்கம் போய்விட்டாள்.

அதிகாரி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை, இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. நிற்க முயன்று, சுவரைப் பிடித்து, மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் அந்தப் பெரிய அதிகாரி முட்டியாலும் கையாலும் நகர்ந்துதான் என் வீட்டு வாசலுக்குப் போனார். போகிற வழியில் கட்டிலுக்குக் கீழே எதையோ பார்த்துவிட்டு நின்று, அடியில் கையை விட்டு ஒரு பொத்தானை எடுத்து முட்டியம்மாவிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஜீப் போன பிறகு முட்டியம்மா தண்ணீர் கேட்டார். இரண்டு டம்ளர் குடித்தார். நான் அட்டையின் மேல் கிடந்த துணியை எடுத்தேன். பத்து விதிகளும் எங்கள் இருவரையும் பார்த்தன. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"துணி காய்ஞ்சிடுச்சா?" என்றார்.

காய்ந்துவிட்டது என்றேன்.

அன்றைக்குப் பார்வைப் புத்தகத்தில் அவர் ஒன்றுமே எழுதவில்லை. நாலு வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும்தான் அதில் வெறும் பக்கம்.

கட்டட யோசனை அதோடு கைவிடப்பட்டது. அந்தக் கட்டடத்தில் பிறகு உர மூட்டை அடுக்கினார்கள் என்று கேள்வி. எங்கள் வீடுகளில் பிள்ளைகள் முன்போலவே இருந்தார்கள், தாய்மார்கள் சங்கு ஊதினால் முன்போலவே ஓடிவந்தார்கள். ரெண்டு மாதம் போயிருக்கும். சங்கத்து அறைக்குப் பதினோரு வீட்டுக்காரிகளையும் வரச் சொன்னார்கள். மதராஸிலிருந்து புதுச் சுற்றறிக்கை வந்திருந்தது. முட்டியம்மா நின்றுகொண்டு, கல்வெட்டுக் குரலில் படித்தார். பராமரிப்பு விதிகள், திருத்தியமைக்கப்பட்டவை. ஒன்று முதல் பத்து வரை பழையவை. பத்தாவது நகம் வெட்டுவது. பக்கத்தைத் திருப்பினார். 'பதினொன்று: மேற்பார்வையின்போது உறங்கும் குழந்தையை எக்காரணம் கொண்டும் எழுப்பலாகாது.'

படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் கலைந்தபோது நான் மட்டும் பின்தங்கி, அவர் பையை எடுத்துக் கொடுத்தேன்.

"ஏம்மா, இந்தப் பதினோராவது விதி முன்னாடியே இருந்ததுதானே?" என்று கேட்டேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனார். வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"இருந்ததுதான்," என்றார். "இப்பதான் அச்சடிச்சிருக்காங்க."